ஓவர்சியர் மாமாவோடு ஒரு பாலைவன ரவுண்டு

ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்தால் சான் டியேகோக்காரர்கள் எல்லோரும் ஒரே வரிசையில்தான் சுற்றிக்காட்டுவோம். மிருகக்காட்சிசாலை, கரோனாடோ கடற்கரை, மிட்வே கப்பல், கோயில், அப்புறம் ஒரு நீண்ட வார இறுதியில் லாஸ் வேகாஸ். மூன்றாவது வாரத்தில் சரக்கு தீர்ந்துவிடும். அதன்பிறகு அவர்கள் பால்கனியில் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்காரர் நாயைக் கூட்டிப்போகும் நேரத்தைக் கணக்கெடுக்க ஆரம்பிப்பார்கள்.

என் மாமனார் அந்தக் கட்டத்துக்கு வந்திருந்தார். பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர் ஜில்லாவில் அவர் கால்படாத வாய்க்கால் கிடையாது. சட்டைப் பையில் இன்றைக்கும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அதை ‘எம்-புக்’ என்பார். வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்துக்குத் துறையில் அப்படித்தான் பேர். ரிட்டயர்ட் ஆகியும் அளப்பதை விடவில்லை. கரோனாடோ பாலத்தில் போனபோது எல்லோரும் கடலைப் பார்க்க, இவர் தூண்களை எண்ணிக்கொண்டு வந்தார்.

இவரை எங்கே கூட்டிப்போனால் சந்தோஷப்படுவார் என்று யோசித்தபோதுதான் இந்தச் சுற்று தோன்றியது. சான் டியேகோவிலிருந்து கிழக்கே மலை ஏறி இறங்கினால் பாலைவனம். அதில் ரோட்டோரமாக விசித்திரமான கட்டுமானங்கள் சில உண்டு. இரும்புப் பாம்பு, பெயிண்ட் மலை, வாழைப்பழ மியூசியம், கான்கிரீட் டைனோசர். பெரும்பாலும் ஒற்றை ஆளின் பிடிவாதத்தில் எழுந்தவை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா என்று பலரும் கேட்பதால் இந்த விமர்சனம். பார்க்கலாம், ஆனால் முதுகு கழன்றுவிடும். நாங்கள் ஓட்டியது ஏறத்தாழ 390 மைல். காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரவு ஒன்பதரைக்கு வீடு. நான், மனைவி, ஏழு வயது மகள், மாமா, அத்தை. பிப்ரவரி மாதம். இதை மே முதல் செப்டம்பர் வரை யாரும் செய்யாதீர்கள். வெயில் 45 டிகிரியைத் தொடும் இடம். விளையாட்டில்லை.

வாடகை வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. முந்தின நாள் எடுத்த வேனில் டயர் காற்று விளக்கு எரிந்தது. கவுன்டரில் இருந்த பையன் “அது சும்மா எரியும், கண்டுக்காதீங்க” என்றான். கம்பெனி பேர் வேண்டாம். மாமா குனிந்து பார்த்து, கட்டைவிரலால் அழுத்தி, “பின்பக்கம் இடது வீல் நிஜமாவே கம்மியா இருக்கு மாப்ள” என்றார். காற்றடித்தபோது பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. பாலைவனத்துக்குப் போகிறவர்கள் அந்த விளக்கை நம்புங்கள், பையன்களை நம்பாதீர்கள்.

காலை ஏழு மணிக்கு ஜூலியன். 4,200 அடி உயர மலையூர், ஆப்பிள் பைக்குப் பேர்போனது. அந்நேரத்துக்குக் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. அத்தை குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக இறங்கி, ஃபிளாஸ்க் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். அங்கிருந்து கிழக்கே இறங்கும் ரோடு வளைந்து வளைந்து போகும். குழந்தைக்கு முன்கூட்டியே சாப்பாடு கொடுக்காதீர்கள். எங்கள் வண்டியின் பின்சீட் விரிப்பு இதற்குச் சாட்சி.

எட்டரைக்கு போரெகோ ஸ்பிரிங்ஸ். சுற்றிலும் பூங்கா நிலம், நடுவே ஒரு சின்ன ஊர். இதைச் சுற்றி ‘கலேட்டா மெடோஸ்’ என்கிற தனியார் நிலத்தில் 130-க்கும் மேற்பட்ட இரும்புச் சிற்பங்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. டிக்கெட் இல்லை, வேலி இல்லை, வாட்ச்மேன் இல்லை. வண்டியை மண்தடத்தில் இறக்கி யானை காலடியில் நிறுத்திக்கொள்ளலாம். நிலத்துக்குச் சொந்தக்காரர் டென்னிஸ் ஏவரி. ஆபீஸில் ஃபைல் மேல் ஒட்டுகிறோமே, பின்னாலுள்ள தாளை உரித்து ஒட்டும் லேபிள், அதைக் கண்டுபிடித்தவரின் மகன். லேபிள் காசில் நிலம் வாங்கிப்போட்டார். ரிக்கார்டோ பிரெசேடா என்கிற வெல்டரின் வேலையைப் பார்த்துப் பிடித்துப்போய், 2008 வாக்கில் தொடங்கி ஒவ்வொன்றாகச் செய்து நிறுத்தச் சொன்னார். அந்தப் பிரெசேடா சிற்பக் கல்லூரியில் படித்தவர் அல்ல. கௌபாய் பூட்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். ஒரு ஜோடி பூட்ஸைக் கொடுத்து வெல்டிங் மெஷினை மாற்றிக்கொண்டதாகவும், மகள் டைனோசர் கேட்டாள் என்பதற்காக முதல் சிற்பத்தைச் செய்ததாகவும் சொல்வார்கள். ஏவரி 2012-இல் இறந்துவிட்டார். சிற்பங்கள் துருவேறி, மண்ணின் நிறத்துக்கே வந்து நிற்கின்றன.

ஒட்டகம், மம்மூத், வாள்பல் பூனை, ராட்சத ஆமை என்று இந்த நிலத்தில் ஆதிகாலத்தில் திரிந்த விலங்குகள் நிறைய. முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைகளைப் பார்த்து அத்தை, “அய்யனார் கோயில் வாசல் மாதிரியே இருக்கு. அய்யனாரைத்தான் காணோம்” என்றார். நானும் சுற்றிப் பார்த்தேன். வெட்டவெளி, முள்செடி, காற்று, நிமிர்ந்த குதிரைகள். அத்தை சொன்னதில் தப்பில்லை.

பார்க்கவேண்டியது பாம்பு. டிராகன் தலை, கொம்பு, மீசை எல்லாம் உண்டு. உடம்பு மணலுக்குள் மூழ்கி மூழ்கி எழும்புகிறது. நடுவே தார்ரோடு போகிறது. தலை ரோட்டுக்கு ஒரு பக்கம், வால் மறுபக்கம். அதாவது ரோட்டுக்கு அடியிலும் பாம்பு இருப்பதாக நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். நீளம் 350 அடி என்று நான் சொன்னதும் மாமா நோட்டை எடுத்தார். வால் நுனியிலிருந்து சீரான காலடி வைத்து நடந்தார். அவருடைய ஒரு எட்டு இரண்டரை அடி. முப்பது வருடமாக அது மாறவில்லை என்பார். ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எண்ணிக்கையை விடாமல் கடந்தார். தலையைத் தொட்டபோது நூற்று முப்பத்தாறு. “முன்னூத்தி நாப்பது. ரோட்டையும் சேர்த்துத்தான் பில் போட்டிருக்கான். பரவால்ல, பாஸ் பண்ணலாம்” என்றார்.

கிட்டே போய்ப் பாருங்கள். பாம்பின் செதில் ஒவ்வொன்றும் தகட்டை வெட்டி, சுத்தியலால் தட்டி வளைத்து, ஓரத்தில் மட்டும் வெல்டிங் புள்ளி வைத்து அடுக்கியது. ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். காலை வெயிலில் ஒவ்வொரு செதிலுக்குக் கீழும் ஒரு சின்ன நிழல். மத்தியானம் போனால் இந்த நிழல் இருக்காது. வெறும் துரு தெரியும். அதனால் போரெகோவைக் காலையில் முதலில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயே பெட்ரோலும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து கிழக்கே இறங்கி, சால்டன் ஏரிக்குத் தெற்கால் சுற்றி, கீரை வயல்களுக்கு நடுவே கலிபேட்ரியா. இங்கே ஐந்து நிமிடம் போதும். ஊர் கடல்மட்டத்துக்கு 184 அடி கீழே இருக்கிறது. அதனால் 184 அடி உயரத்தில் ஒரு கொடிக்கம்பம் நட்டிருக்கிறார்கள், கொடியாவது கடல்மட்டத்தில் பறக்கட்டும் என்று! மகளுக்கு இது புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது. புரிந்ததும், “அப்ப நாம தண்ணிக்கு அடியில இருக்கோமா?” என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு நைலாண்ட் தாண்டி சால்வேஷன் மவுன்டன். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் போகமுடியும் என்றால் இங்கே போங்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு ராட்சதக் குழந்தை பிறந்தநாள் கேக்கைப் பாலைவனத்தில் போட்டுவிட்டுப் போனதுபோல இருக்கும். ஐம்பது அடி உயரம், நூற்றைம்பது அடி அகலம். உச்சியில் சிலுவை, நடுவில் சிவப்பு இதயம், ‘கடவுள் அன்பே’ என்று பெரிய ஆங்கில எழுத்து, கீழே நீலமும் வெள்ளையுமாகத் தண்ணீர் ஓடுவதுபோல் கோடுகள், பூக்கள், மரங்கள். இத்தனையையும் செய்தவர் லெனர்ட் நைட். 1931-இல் வெர்மான்ட்டில் பிறந்தவர். கடவுள் அன்பானவர் என்று எழுதி ஒரு பெரிய வெப்பக்காற்று பலூன் பறக்கவிட வேண்டும் என்பதுதான் முதல் திட்டம். வருடக்கணக்கில் துணி தைத்தார். பலூன் பெரிதாகிப் பெரிதாகிக் கடைசியில் இற்றுப்போய்க் கிழிந்தது. சரி, கிளம்புவதற்கு முன்னால் ஒரு வாரம் இருந்து சின்னதாக ஒரு நினைவுச்சின்னம் கட்டிவிட்டுப் போகலாம் என்று 1984-இல் இங்கே சிமெண்டைக் குழைத்தார். அந்த ஒரு வாரம் இருபத்தேழு வருடம் ஆனது. தங்கியது, தூங்கியது எல்லாம் லாரியின் பின்பக்கத்தில். 2011-இல் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள், 2014-இல் இறந்தார்.

இதையெல்லாம் நான் காரில் சொல்லிக்கொண்டு வந்தபோது மாமா பாதிதான் கேட்டார். “1989-இல் முதல் மலை சரிந்து விழுந்துவிட்டது” என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏன் விழுந்துச்சாம்?”

“சிமெண்டு வாங்கக் காசில்லாம மணலை நிறையக் கலந்தாராம் மாமா.”

“அதானே! ஒண்ணுக்குப் பத்து போட்டிருப்பான். மேல மேல வெயிட் ஏத்தியிருப்பான். விழாம என்ன செய்யும்?” பிறகு கொஞ்சநேரம் கழித்து, “விழுந்தப்புறம் என்ன பண்ணான்?”

விழுந்தபிறகு அவர் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. இத்தனை நாள் இது யார்மேலும் விழாமல் இருந்ததே என்று நன்றி சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். இந்தமுறை சிமெண்ட் இல்லை. அங்கேயே கிடைத்த களிமண்ணையும் வைக்கோலையும் தண்ணீர் விட்டுக் குழைத்து அப்பினார். மேலே பெயிண்ட். பெயிண்ட் எல்லாம் ஜனங்கள் கொண்டுவந்து கொடுத்தது. காய்ந்ததும் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று. அந்தப் பெயிண்ட் தோல்தான் மண்ணை மழையிலிருந்து காப்பாற்றுகிறது.

மாமா நேராகப் போய் விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். கொத்தனார் வேலையைச் சோதிக்கும் தட்டு. காதை ஒட்டி வைத்துக்கொண்டு நாலைந்து இடத்தில் தட்டினார். ஒரு இடத்தில் பொள்ளல் சத்தம் கேட்டது, அங்கே குனிந்தார். பெயிண்ட் விரிந்து, ஓரம் பெயர்ந்திருந்தது. அந்த வெட்டு வாயில் பார்த்தால் மஞ்சள், வெள்ளை, பச்சை, மறுபடி வெள்ளை, நீலம் என்று மெல்லிய வரிகள். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தது மாதிரி. அரை அங்குலத்துக்கு மேல் வெறும் பெயிண்ட்தான். அதற்கும் உள்ளே சாம்பல்நிற மண். மண்ணிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாமா அதைப் பிடுங்குவாரோ என்று பயந்தேன். தொட்டுவிட்டு விட்டுவிட்டார்.

“எங்க அப்பத்தா வீட்டுச் சுவரு இதே கலவைதான் மாப்ள. சாணிதான் போடல” என்றார்.

அந்தப் பக்கம் வைக்கோல் கட்டுகளையும் பழைய டயர்களையும் அடுக்கி, மண் பூசி, மரங்களைப்போலக் கிளைவிட்டு நிற்கும் தூண்களோடு ஒரு மண்டபம் உண்டு. உள்ளே நுழைந்தால் வெளியே இருந்ததைவிடக் குளிர்ச்சி. குழந்தைகள் வளைந்து வளைந்து ஓடலாம். அத்தைக்கு அதுதான் பிடித்தது, நிழல் இருந்ததால். மலையில் ஏறுவதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்த படிவழி இருக்கிறது. அதைவிட்டு வேறெங்கும் கால் வைக்கக்கூடாது. சில சமயம் ஏறவிட மாட்டார்கள், பராமரிப்பு வேலை நடக்கும். எதுவானாலும் அங்கே இருக்கும் தன்னார்வலர்கள் சொல்படி கேளுங்கள். கட்டணம் இல்லை, உண்டியல் உண்டு. பெயிண்டாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

1994-இல் கவுன்டி அதிகாரிகள் மண்ணைச் சோதித்து, ஈயம் கலந்த நச்சு இடம் என்று சொல்லி இடிக்கப் பார்த்தார்கள். ஜனங்கள் கையெழுத்து வாங்கினார்கள்; வேறிடத்தில் செய்த சோதனையில் அப்படி எதுவும் இல்லை என்று வந்தது. 2002-இல் செனட்டர் பார்பரா பாக்சர் இதை நாட்டின் பொக்கிஷம் என்று அமெரிக்க காங்கிரஸ் பதிவேட்டில் ஏற்றினார். மாமா இதைக் கேட்டுத் தலையாட்டினார். அவர் முகத்தில் பழைய ஆபீஸ் ஞாபகம் ஏதோ ஓடியது. எதுவும் சொல்லவில்லை.

குறை சொல்லவேண்டுமானால், கூட்டம். படம் எடுக்க வருகிறவர்கள் இதயத்தின் முன்னால் இடம்பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்கிறார்கள். காலையில் சீக்கிரம் வந்தால் தப்பலாம். கழிப்பறையை நம்பிப் போகாதீர்கள், வழியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மைல் தள்ளி ஸ்லாப் சிட்டி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க மரைன் படையின் முகாம் இருந்த இடம். முகாமைக் கலைத்துவிட்டுப் போனபோது கான்கிரீட் தளங்கள் மட்டும் மிச்சம். அந்தத் தளங்களின்மேல் வேன்களையும் கூடாரங்களையும் போட்டுக்கொண்டு ஜனங்கள் வாழ்கிறார்கள். கரண்ட் கம்பி இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, வரியும் இல்லை. ‘ஈஸ்ட் ஜீசஸ்’ என்று ஒரு குப்பைக்கலைத் தோட்டம் இருக்கிறது. பழைய டிவிப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய சுவர் அங்கே பிரசித்தம். எனக்குப் பிடித்தது. ஆனால் இங்கே சாலையோரம் வீடுகள் என்றால் நிஜமான வீடுகள். வண்டி ஜன்னலிலிருந்து போனை நீட்டிப் படமெடுத்துக்கொண்டு போவது நன்றாக இல்லை. நாங்கள் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம், மோர்மிளகாய். எல்லாம் வண்டியின் பின்கதவைத் தூக்கி, அதன் நிழலில். காற்றில் மணல் பறந்து வந்து தயிர்சாதத்தில் விழுந்தது. “நரநரன்னு இருக்கு” என்றாள் மகள்.

அடுத்தது பாம்பே பீச். பேரைக் கேட்டதும் அத்தை, “இந்தப் பேரு வச்சவன் பம்பாயைப் பாத்திருக்கவே மாட்டான்” என்றார். சால்டன் ஏரிக்கரையில் கடல்மட்டத்துக்கு 223 அடி கீழே, சில நூறு பேர் மட்டும் இருக்கும் ஊர். ஐம்பது அறுபதுகளில் மீன்பிடிக்கவும் படகு ஓட்டவும் கூட்டம் வந்த இடம். எழுபதுகளில் புயல்மழையில் ஏரி ஏறிக் கரையோர வீடுகளை முழுங்கியது. அப்புறம் உப்பு ஏறியது, மீன் செத்தது, ஜனங்கள் போனார்கள். 2016 முதல் கலைஞர்கள் வந்து இடிந்த வீடுகளிலும் கரையிலும் எதையாவது செய்துவைக்கிறார்கள். ஒரு காலிமனையில் துருப்பிடித்த பழைய கார்களை வரிசையாக நிறுத்தி, எதிரே ஒரு வெள்ளைத் திரை. ஓடாத கார்களுக்கு ஒரு டிரைவ்-இன் தியேட்டர். மகள் ஸ்டியரிங் இல்லாத ஒரு காரில் உட்கார்ந்து, படம் எப்போது போடுவார்கள் என்று கேட்டாள்.

ஊரைச் சுற்றி வெள்ளத்தடுப்புக் கரை இருக்கிறது. மாமா அதைப் பார்த்ததும் எங்களை விட்டுவிட்டு ஏறிப்போனார். கரைமேல் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். தண்ணீர் எங்கோ தள்ளி, வெள்ளைக்கோடாகத் தெரிந்தது.

“இவ்ளோ பெரிய ஏரிக்கு ஆறு எங்க?” என்றார்.

சொல்லும்படியாக இயற்கையான ஆறு இல்லை என்று சொன்னேன். பிறகு அந்தக் கதையைச் சொன்னேன். இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் பண்ண 1901-இல் கொலராடோ ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். மூன்றே வருடத்தில் வண்டல் அடைத்துக்கொண்டது. தண்ணீர் இல்லை என்று விவசாயிகள் சத்தம் போட, 1904-இல் மெக்சிகோ எல்லைக்குள் ஆற்றங்கரையை வெட்டிப் புதிதாக ஒரு வழி விட்டார்கள், தண்ணீரை அடைத்துத் திறக்கும் தலைமதகு கட்டாமலேயே. 1905-இல் வெள்ளம் வந்தது. வெட்டு அகன்றது. மொத்த ஆறும் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு இந்தப் பள்ளத்துக்குள் திரும்பிவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் அப்படியே ஓடியது. கடைசியில் சதர்ன் பசிபிக் ரயில்வேக்காரர்கள் உடைப்பின் மேலேயே தண்டவாளம் போட்டு, ரயில் ரயிலாகப் பாறையைக் கொட்டி 1907 பிப்ரவரியில் அடைத்தார்கள். அந்தத் தண்ணீர்தான் இந்த ஏரி.

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். “தலைமதகு இல்லாமயா?”

“இல்லாமதான்.”

“தலைமதகு இல்லாம கரைய வெட்டினானா? ஒரு ஷட்டர்கூட இல்லாமலா? எந்த எஞ்சினியர் கையெழுத்துப் போட்டான்?” அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. நூற்றிருபது வருடத்துக்கு முந்தின தப்புக்கு. கொள்ளிடக்கரையில் ஒரு ஐப்பசி ராத்திரி உடைப்பு அடைத்த கதை அப்புறம் வந்தது. சவுக்குக் கம்பு, மணல் மூட்டை, லஸ்கர்கள், இடுப்பளவு தண்ணீர், விடியற்காலையில் யாரோ கொண்டுவந்த கடுங்காப்பி. “நாப்பதடி உடைப்புக்கே ரெண்டு ராத்திரி தூங்கல மாப்ள. இவனுக ஒரு ஆத்தையே விட்டுட்டானுக.”

கரையிறங்கித் தண்ணீரைப் பார்க்கப் போனோம். காலுக்குக் கீழே மணல் மாதிரி வெள்ளையாகத் தெரிவது மணல் இல்லை. கையில் அள்ளிப் பார்த்தால் மீன் முள், மீன் முதுகெலும்பின் சின்னச் சின்னக் கண்ணி, கொட்டலசு ஓட்டுத்தூள். அப்பளத்தை மிதிக்கிற சத்தம் கேட்கும். காற்று மாறினால் அழுகின முட்டை வாடை. தண்ணீர் பசிபிக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பு. இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம் என்று நான் காலை வைத்தேன். மேலே உப்புப் பொறுக்கு, அடியில் கறுப்புச் சேறு, முழங்கால்வரை இறங்கினேன். மாமா கையைப் பிடித்து இழுத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. சால்டன் ஏரியில் ஒற்றைச் செருப்பு பார்த்தால் அது என்னுடையது, பத்தாம் நம்பர். ஈரம் தெரியும் இடத்துக்கு முன்னாலேயே நின்றுகொள்ளுங்கள்.

“இப்ப ஏரிக்கு எதுல இருந்து வரத்து?” என்று திரும்பும்போது கேட்டார்.

“வயல் வடிகால்தான் மாமா. அதுவும் குறைஞ்சுபோச்சு. 2003-ல ஒப்பந்தம் போட்டு இங்க விவசாயத்துக்குப் பாயிற தண்ணில ஒரு பங்கை விலைக்கு வித்துட்டாங்க. கொஞ்ச வருஷம் ஏரிக்குன்னு ஈடு கட்டித் தண்ணி விட்டாங்க, 2017-ஓட அதுவும் முடிஞ்சுது. ஏரி வத்த வத்த அடித்தூசி பறந்து சுத்துவட்டாரப் பிள்ளைங்களுக்கு இழுப்பு வருது.”

“யாருக்கு வித்தாங்க?”

“சான் டியேகோவுக்கு. நம்ம வீட்டுக் குழாய்ல வர்றதுல அதுவும் உண்டு.”

அவர் நோட்டை எடுத்தார். எதையும் எழுதாமல் திரும்பப் பையில் வைத்தார்.

ஊருக்குள் ‘ஸ்கி இன்’ என்று ஒரு மதுக்கடை இருக்கிறது. மேற்கு அரைக்கோளத்திலேயே இதைவிடத் தாழ்வான இடத்தில் மதுக்கடை இல்லை என்று பெருமை. சுவர், கூரை எங்கும் வந்தவர்கள் பேரெழுதி ஒட்டிய ஒரு டாலர் நோட்டுகள். ஒரு காலில் செருப்போடு போன என்னை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. வறுத்த உருளைக்கிழங்கும் கோக்கும் வாங்கினோம். சூடாக, உப்பு அளவாக இருந்தது. அத்தை காசை இப்படிச் சுவரில் ஒட்டுவது லட்சுமிக்கு ஆகாது என்று சொல்லி, மாமாவை ஒட்டவிடவில்லை.

111-ஆம் நெடுஞ்சாலையில் எல்லைக்காவல் சோதனைச்சாவடி உண்டு. அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கட்டாயம் கையில் வைத்திருங்கள். ‘வீட்டில் இருக்கிறது’ என்ற பதிலை அங்கே சொல்லிப் பார்க்கவேண்டாம். போன் சிக்னலும் அங்கங்கே போய்விடும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

ஏரியின் வடக்குக் கரையில், அதே ரோட்டோரம், சர்வதேச வாழைப்பழ மியூசியம். சின்ன ஒற்றைக் கட்டடம், எங்கும் மஞ்சள். உள்ளே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாழைப்பழப் பொருட்கள்: போன், பொம்மை, கடிகாரம், செருப்பு, உப்பு டப்பா. ஒரே பழத்துக்கான மிகப்பெரிய தொகுப்பு என்று கின்னஸில் பேர் உண்டு. கட்டணம் அதிகமில்லை. எல்லா நாளும் திறந்திருக்காது, போவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். வாழைப்பழ மில்க் ஷேக் கெட்டியாக, நிஜப் பழத்தின் வாசனையோடு இருந்தது. மகள் உறிஞ்சுகுழலைத் தூக்கிப்போட்டுவிட்டு ஸ்பூன் கேட்டாள். மாமா எல்லா அலமாரியையும் பொறுமையாகச் சுற்றிவந்து, “எல்லாம் ஒரே ஜாதியா இருக்கு. பூவன் எங்க, ரஸ்தாளி எங்க? பேயன், மொந்தன்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அத்தனையும் அந்த ஒரே மஞ்சள் மோரிஸ் வகை. வாழைப்பழத்துக்கு மியூசியம் வைத்தவர்கள் ஒருமுறை திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வந்துபோகலாம். ஆனால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த இடம் கட்டாயம். அரைமணி நேரம் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

அந்தி சாயும்போது கபஸான். ஐ-10 நெடுஞ்சாலையிலிருந்தே இரண்டு டைனோசர்களும் தெரியும். நீளக்கழுத்து டின்னி 150 அடி நீளம். நிமிர்ந்து நிற்கும் ரெக்ஸ் 65 அடி உயரம். கட்டியவர் கிளாட் பெல். நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் சிலை செய்துகொண்டிருந்தவர். தன் ரோட்டோர ஓட்டலுக்கு ஆள் வரவேண்டும் என்று 1964-இல் ஆரம்பித்தார். கம்பிக்கூடு கட்டி, கம்பிவலை போர்த்தி, மேலே கான்கிரீட்டைப் பீச்சியடித்துச் செய்தது. ஐ-10 ரோடு போட்டபோது மிஞ்சின கம்பியும் சிமெண்டும் இதில் நிறைய இறங்கியிருக்கின்றன. மூன்றாவதாக ஒரு மம்மூத் கட்டும் எண்ணம் இருந்தது. அதற்குள் 1988-இல் போய்ச் சேர்ந்தார்.

“ரோட்டு வேலைல மிச்சமான கம்பி!” மாமா சத்தம் போட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான். “நம்ம ஊர்ல மிச்சக் கம்பி யாரு வீட்டு மாடியா ஆகும்னு எனக்குத் தெரியும் மாப்ள. இவன் டைனோசர் கட்டியிருக்கான், தேவலாம்.”

டின்னியின் வயிற்றுக்குள் கடை இருக்கிறது. டிக்கெட் எடுத்தால் ரெக்ஸின் வாய்வரை ஏறிப்போகலாம். எங்களுக்கு அதற்குள் சக்தி தீர்ந்துவிட்டது. மகள் டின்னியின் காலைக் கட்டிக்கொண்டு ஒரு படம், அவ்வளவுதான். காலையில் பாம்பையும் மத்தியானம் அந்த மலையையும் பார்த்தபிறகு இது கொஞ்சம் சாதாரணமாகத்தான் பட்டது. முதலில் இங்கே வந்து, கடைசியில் மலைக்குப் போகிற மாதிரி தலைகீழாகச் சுற்றியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அந்த வசதி உண்டு.

பெட்ரோல் எழுபது டாலருக்குப் பக்கம். மியூசியம், மில்க் ஷேக், உண்டியல் எல்லாம் சேர்த்து இன்னொரு நாற்பது. செருப்பு கணக்கில் இல்லை. வயதானவர்கள் இருந்தால் கபஸானை விட்டுவிட்டு, பாம்பே பீச்சில் இன்னும் ஒரு மணி நேரம் இருங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு ஜோடி உபரிச் செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை மாமா கராஜில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தார். மகள் அறைக்கு அடித்ததுபோக மிச்சமிருந்த மஞ்சள் பெயிண்ட் ஒன்றரை டப்பாவைத் தேடி எடுத்திருந்தார். மூடியைத் திறந்து, குச்சியால் கிளறி, இறுகவில்லை என்று உறுதிசெய்துகொண்டு திரும்ப மூடினார். ஏப்ரலில் அவருக்கு ஊருக்குத் திரும்ப டிக்கெட் இருக்கிறது. அதற்குள் ஒரு சனிக்கிழமை ஒழிகிறதா என்று தினமும் கேட்கிறார். டப்பா இரண்டும் என் வண்டி டிக்கியில் இருக்கின்றன. வளைவில் திரும்பும்போதெல்லாம் உருண்டு சத்தம் போடுகின்றன.